எட்டாவது அட்டவணையும் ஒரு பள்ளிச் சிறுவனின் கேள்வியும்

1949 செப்டம்பர் 14. இந்தியாவின் ஆட்சிமொழி எது என்ற நீண்ட விவாதத்தை அரசியல் நிர்ணய சபை முடித்துவைத்த நாள். 1928 ஒலிம்பிக் ஹாக்கி அணித் தலைவராகப் பெயர்பெற்ற ஜெய்பால் சிங் முண்டா அன்று முண்டாரி, கோண்டி, ஒராவோன் ஆகிய மூன்று பழங்குடி மொழிகளையும் அரசியல் சட்டத்தின் மொழி அட்டவணையில் (இன்றைய எட்டாவது அட்டவணை) சேர்க்கும்படி கேட்டார். சபை ஏற்கவில்லை. 14 மொழிகளோடு அட்டவணை உறுதியானது. பழங்குடி மொழி ஒன்றுகூட அதில் இல்லை.

உண்மையில் அந்த அட்டவணை மொழியுரிமைப் பட்டியலாக எழுதப்பட்டதே அல்ல. ஆட்சிமொழி ஆணையத்தில் யாருக்கு இடம், இந்தி எந்த மொழிகளிலிருந்து வளம் பெறலாம் என்ற இரண்டுக்காகவே அது இருந்தது. காலப்போக்கில்தான் அங்கீகாரத்தின் வாசலாக மாறியது.

அந்த வாசலைச் சந்தாலி என்ற பழங்குடி மொழி எட்ட 54 ஆண்டுகள் ஆயின. ஆனால் கதை அதற்கும் முன்பே, மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் தொடங்குகிறது. 1905இல் அங்கே பிறந்த ரகுநாத் முர்மு, வீட்டில் சந்தாலியும் பள்ளியில் ஒடியாவுமாக வளர்ந்தவர். தன் மொழியில் ஏன் பாடம் இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. 1925இல் 30 எழுத்துகள் கொண்ட 'ஓல் சிக்கி' என்ற வரிவடிவத்தை அவர் உருவாக்கினார்.

இதை வெறும் அடையாள வேட்கை என்று ஒதுக்குவது தவறு. சந்தாலியில் சில மெய்களை மூச்சை வெளியே விடாமல் தொண்டையிலேயே தடுத்து ஒலிப்பார்கள். வங்காள, ஒடியா, தேவநாகரி எழுத்துகளில் அவற்றுக்குத் தனி இடமில்லை. மிஷனரிகள் உரோமன் எழுத்தில் கூடுதல் குறியிட்டுச் சமாளித்தார்கள். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. சந்தால் மக்கள் பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தார்கள். ஒரு மாநிலத்தின் எழுத்தில் அச்சான சந்தாலிப் புத்தகம் பக்கத்து மாநிலத்துச் சந்தாலுக்கு வெறும் கோடுகள். முர்முவின் எழுத்து அந்த எல்லைகளைக் கடந்தது. 1979இல் மேற்கு வங்க அரசு அதை ஏற்றது. 1982இல் முர்மு காலமானார். 2003இன் 92ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தை அவர் பார்க்கவில்லை. அந்தத் திருத்தத்தால் போடோ, டோக்ரி, மைதிலியோடு சந்தாலியும் சேர, அட்டவணை மொழிகள் 22 ஆயின. குடிமைப் பணித் தேர்வு, சாகித்ய அகாடமி விருது என்று கதவுகள் திறந்தன.

போடோவைத் தவிர மற்ற பழங்குடி மொழிகளுக்கோ அப்படி எதுவும் நடக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சந்தாலி பேசுவோர் சுமார் 73 லட்சம். பீலி பேசுவோர் ஒரு கோடிக்கும் மேல். சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகச் சொன்னோர் 25 ஆயிரத்துக்கும் குறைவு. சமஸ்கிருதம் முதலிலிருந்தே அட்டவணையில் இருக்கிறது, பீலி இல்லை. எந்தத் தகுதி இருந்தால் ஒரு மொழி உள்ளே வரலாம் என்று வரையறுக்க 1996இல் பாவா குழுவும் 2003இல் சீதாகாந்த் மகாபாத்ர குழுவும் அமைக்கப்பட்டன. தெளிவான அளவுகோல் இன்றுவரை வகுக்கப்படவில்லை. எண்ணிக்கை பேசாத இடத்தில் இயக்கத்தின் வலிமையே பேசியிருக்கிறது என்பதற்குச் சந்தாலியே சான்று.

தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956இல் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு சொல்கிறது. அது அட்டவணை மொழிகளுக்கு மட்டுமானதன்று. எல்லா மொழிச் சிறுபான்மையருக்கும் உரியது. ஆனால் 'முயல வேண்டும்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது.

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கும் 1950 முதல் அட்டவணையில் இருக்கின்றன. இவற்றின் உறவுமொழியான கோண்டியை 2011இல் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பேசினார்கள். ஜெய்பால் சிங் அன்று கேட்ட மூன்றில் ஒன்றான அந்தத் திராவிட மொழி இன்னும் வெளியேதான் நிற்கிறது.