பட்டியலில் இல்லாத சில்லு

நார் வகை ஃபிளாஷ் நினைவகச் சில்லை இன்டெல் 1988-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. லினக்ஸ் கர்னலில் ஃபிளாஷுக்கென்று அமைந்த எம்டிடி துணையமைப்பு 2001 ஜனவரியில் வெளியான 2.4 பதிப்பில் இடம்பெற்றது. அதை வளர்த்ததில் டேவிட் வுட்ஹவுஸுக்குப் பெரும் பங்கு உண்டு. ஃபிளாஷில் பழைய தரவின் மேல் நேராக எழுத முடியாது. முதலில் ஒரு தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். அத்தொகுதியின் அளவும் அழிக்கும் கட்டளையும் சில்லுக்குச் சில்லு மாறுவதால், எதிரே இருப்பது எந்தச் சில்லு என்று இயக்கிக்குத் தெரிந்தாக வேண்டும்.

பழைய இணைவழி நார் சில்லுகளில் சிஎஃப்ஐ நெறி இதற்கு வழி செய்திருந்தது: கேட்டால் சில்லே தன் விவரங்களைச் சொல்லும். பிறகு வந்த எட்டுக்கால் எஸ்பிஐ சில்லுகள் மலிவாக இருந்தன. வீட்டு ரவுட்டர்களையெல்லாம் பிடித்துக்கொண்டன. ஆனால் பதினறும எண்முறையில் 9எஃப் என்ற கட்டளைக்கு அவை தந்த மறுமொழி மூன்றே பைட்டுகள்: தயாரிப்பாளர், வகை, கொள்ளளவு. எஸ்டி நிறுவனத்தின் சில்லுகளுக்காக 2006-இல் கர்னலில் சேர்ந்த எம்25பி80 இயக்கி, அந்த பைட்டுகளைத் தன் அட்டவணையில் தேடும் வழக்கத்துக்கு வந்தது. அட்டவணையில் இல்லையென்றால், குறையே இல்லாத சில்லையும் அது ஏற்க மறுத்துவிடும்.

ரவுட்டர் தயாரிப்பாளர்கள் விலை குறைந்த சில்லுக்கு அவ்வப்போது மாறியபோது இது பெரும் தொல்லையானது. ரவுட்டர்களுக்கு லினக்ஸ் தரும், 2004-இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திட்டங்கள், புதுச் சில்லுக்கு ஒரு வரி சேர்க்கும் ஒட்டுகளைக் கர்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டன. அந்த ஒரு வரியிலும் பொறிகள் உண்டு. அழிக்கும் அளவை 64 கிலோபைட்டுக்குப் பதில் 4 கிலோபைட் என்று குறித்தால், சிறு தொகுதிகளை ஏற்காத யுபிஐஎஃப்எஸ் கோப்பு முறைமை ஏறாது. சில சில்லுகள் மின்சாரம் வந்ததுமே எழுத்துப் பூட்டோடு விழிக்கும்; பூட்டைத் திறக்காமல் எழுதியது பதியாது.

இவற்றைவிட மோசமானது 16 மெகாபைட் எல்லை. மூன்று பைட் முகவரி அதற்கு மேல் எட்டாது. பெரிய சில்லை நான்கு பைட் முறைக்கு மாற்ற வேண்டும். மீட்டமைப்பு இணைப்பில்லாத பலகையில் கணினி மறுதொடக்கம் ஆனாலும் சில்லு அந்த முறையிலேயே நிற்கும். தொடக்க நிரலோ மூன்று பைட் முகவரியோடு வந்து கேட்கும். சாதனம் அங்கேயே உறைந்துவிடும்.

தர அமைப்பான ஜெடெக் 2011-இல் வெளியிட்ட எஸ்எஃப்டிபி தரத்தின்படி சில்லு தன் கொள்ளளவையும் அழிப்பு அளவுகளையும் தானே சுமக்கும். எம்25பி80 இயக்கியிலிருந்து 2014-இல் தனியாகப் பிரிந்த எஸ்பிஐ-நார் சட்டகம், 2017-இல் வந்த 4.14 பதிப்பில் அந்த விவரங்களைப் படிக்கக் கற்றது. பழைய வினை மட்டும் விடவில்லை. மேக்ரோனிக்ஸின் எம்எக்ஸ்25எல்25635 சில்லின் இ, எஃப் வடிவங்கள் இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே. நான்கு பைட் முகவரிக்கான கட்டளைகளோ எஃப் வடிவத்துக்கு மட்டுமே தெரியும். வேறு வழியின்றி, எஃப் வடிவம் தன் எஸ்எஃப்டிபி அட்டவணையில் அறிவிக்கும் ஒரு விரைவு வாசிப்பு முறையைத் துப்பாகக் கொண்டு கர்னல் இரண்டையும் பிரித்தறிகிறது.

இன்று எஸ்எஃப்டிபி உள்ள பெரும்பாலான சில்லுகளுக்குப் பொது இயக்கியே போதும். தனி வரி தேவையில்லை. எழுத்துப் பூட்டு போன்ற, எஸ்எஃப்டிபி சொல்லாத வசதிகளுக்காகக் கர்னலில் வரி சேர்க்க விரும்புவோர், சில்லின் எஸ்எஃப்டிபி நகலையும் அழித்து எழுதிப் படித்த சோதனை முடிவையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.