நாலரைக் கட்டம்

கூடப் படிச்ச நண்பன் ஒருத்தனுக்கு நெஞ்சு நடுவுல நீளமா ஒரு தழும்பு. கேட்டா, "சின்ன வயசுல ஹார்ட்ல ஓட்டை. அப்பவே அடைச்சாச்சு, கதை முடிஞ்சுது"ன்னு சிரிப்பான். முடிஞ்சுதான்னு தேடப் போனப்பதான் இந்த வரலாறு கிடைச்சுது.

1888-ல் ஃபிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ஃபாலோ, குழந்தைகள் நீலம் பாரிக்கும் ஒரு பிறவிக் கோளாறை விவரித்தார். கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் அடைப்பு, இடம் மாறிய பெருந்தமனி, தடித்த வலது கீழறை என நாலும் சேர்ந்தது. 1954-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வால்டன் லில்லஹை இதயத்தையே திறந்து இதைச் சரி செய்தார். 'டோட்டல் கரெக்‌ஷன்' என்றே பெயர் வைத்தார்கள்.

ஆனா பிழைச்சு வளர்ந்தவங்கள்ல சிலர், நல்லா நடமாடிக்கிட்டு இருந்தவங்க, திடீர்னு செத்துப் போனாங்க. ஏன்?

முதலில் சந்தேகம் இதயத்தின் மின்பாதை மேல். ஆபரேஷனில் அது அடிபட்டு, பின்னாளில் துடிப்பு நின்றுவிடுகிறது என்று நினைத்தார்கள். 1972-ல் வந்த ஓர் ஆய்வு, ஈசிஜியில் தெரியும் ஒருவகை இரட்டைத் தடையைக் கெட்ட அறிகுறி என்றது. பிறகுதான் இன்னொரு குற்றவாளி தெரிந்தது. பலருக்கு இதயம் நிற்பதற்கு முன் தறிகெட்டு ஓடியிருக்கிறது. மின்சாரம் தழும்பைச் சுற்றிச் சுற்றி வருவதுதான் காரணம்.

1995-ல் லண்டனில் கட்ஸூலிஸ் குழு ஒரு அளவைச் சொன்னது. ஈசிஜியில் கீழறைத் துடிப்பைக் காட்டும் 'கியூஆர்எஸ்' அலை 180 மில்லிசெகண்டோ அதுக்கு மேலோ இருந்தால் உஷார். ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். அதாவது நாலரைக் கட்டம்! அடைப்பை நீக்க வால்வு வளையத்தையே வெட்டி ஒட்டுப் போட்டவர்களுக்கு வால்வு கசியும், வலது அறை வீங்கும், மின்சாரம் கடக்க நேரம் பிடிக்கும், அலை அகலமாகும். உயிரைக் காப்பாத்தின அதே வெட்டு!

2000-ல் 793 பேரை வைத்து வந்த பெரிய ஆய்வும் இதை ஆமோதித்தது. பத்து வருஷத்தில் அதில் திடீரென இறந்தவர்கள் 16 பேர். சிக்கலே இங்கேதான். சாவு குறைவு, அறிகுறி உள்ளவர்கள் அதிகம். எல்லோருக்கும் நெஞ்சில் ஷாக் கருவி வைத்துவிடலாமா? 2008-ல் அப்படிக் கருவி வைத்திருந்த 121 பேரைப் பார்த்தபோது, ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தேவையில்லாத ஷாக் அடித்திருந்தது. அதனால்தான் இப்போது மயக்கம், எம்ஆர்ஐயில் தெரியும் தழும்பு, இடது அறையின் பலம் என்று எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுகிறார்கள்.

நண்பனை இழுத்துட்டுப் போய் ஈசிஜி எடுத்தோம். நான் பாட்டுக்கு கட்டம் எண்ணினேன், மூணரை. டாக்டர் சிரிச்சுட்டு, "கட்டம் மட்டும் பத்தாது சார், எக்கோவும் எடுக்கணும். வருஷா வருஷம் வரச் சொல்லுங்க"ன்னார்.

உங்க வீட்டுலயும் அப்படியொரு தழும்பு இருந்தா, கதை முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க.