வெளிச்சத்தால் வைத்தியம் செய்த நாடு

கொப்பன்ஹேகனில் ரீக்ஸ்ஹொஸ்பிட்டலுக்குப் பக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஓர் ஆணும் இரண்டு பெண்களும் உடுப்பில்லாமல் வானத்தை நோக்கிக் கைகளை நீட்டுகிறார்கள். ருடொல்ஃப் டெக்னர் என்ற சிற்பி செய்தது. பெயர் 'வெளிச்சத்தை நோக்கி'. பஸ்ஸில் போகும்போது உங்களில் சிலர் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அது ஒரு டாக்டருக்கான நினைவுச் சின்னம்.

அவர் நீல்ஸ் ஃபின்சன். 1860இல் ஃபாரோ தீவுகளின் தோர்ஸ்ஹவ்னில் பிறந்தவர். இளம் வயதிலேயே தீராத நோயாளி. கொப்பன்ஹேகனில் அவர் இருந்த வீடு வடக்குப் பார்த்தது, வெயிலே வராது. வெயில் பட்டால் உடம்பு கொஞ்சம் தெம்பாக இருப்பதை அவர் கவனித்தார். கூரையில் படுத்திருந்த ஒரு பூனை, நிழல் நெருங்க நெருங்க வெயிலுக்கு நகர்ந்து போனதையும் கவனித்தார். அப்படியென்றால் வெளிச்சத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தார்.

அந்தக் காலத்தில் முகத்தை அரித்துத் தின்னும் ஒரு தோல் காசநோய் இருந்தது. லத்தீனில் அதற்கு 'ஓநாய்' என்று பெயர். மூக்கும் உதடும் சிதைந்து போனவர்கள் வெளியே தலைகாட்ட முடியாமல் வாழ்ந்தார்கள். 1895இல் ஃபின்சன் அந்த நோயுள்ள ஒரு பொறியாளருக்குக் கார்பன் விளக்கின் வெளிச்சத்தால் சிகிச்சை கொடுத்தார். புண் ஆறியது. அடுத்த வருடமே ஃபின்சன் நிறுவனம் தொடங்கியது.

சிகிச்சைக்கு நிறையப் பொறுமை வேண்டும். புற ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் என்பதால் படிகக்கல் வில்லைகள். சூட்டைக் குறைக்க நடுவே தண்ணீர். தாதி ஒரு வில்லையைத் தோலில் அழுத்தி, அந்த இடத்து இரத்தத்தை ஒதுக்கிப் பிடிப்பார். ஒரு தடவைக்கு ஒரு சின்ன இடம்தான். மாதக்கணக்கில் இப்படியே நடக்கும். 1903இல் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. டென்மார்க்கின் முதல் நோபல் அதுதான். அடுத்த வருடம் 43 வயதில் இறந்துபோனார்.

அதன் பிறகு வெயில் என்றாலே ஆரோக்கியம் என்று ஐரோப்பா நம்பத் தொடங்கியது. 1928இல் லண்டனில் ஜோர்ஜ் ஃபின்ட்லே என்ற ஆய்வாளர், புற ஊதாக் கதிர் எலிகளுக்குத் தோல் புற்றுநோய் உண்டாக்குவதைக் காட்டினார். டென்மார்க்கின் புற்றுநோய்ச் சங்கமான 'க்ரெஃப்டன்ஸ் பெகெம்பெல்ஸ' பிறந்ததும் அதே வருடம். ஆனால் மக்களின் ஆசை வேறு பக்கம் போனது. 1956இல் சீமொன் ஸ்பீஸ் தன் பயண நிறுவனத்தைத் தொடங்கி, டேனிஷ் மக்களை விமானம் விமானமாக மயோர்க்காவுக்குக் கொண்டுபோனார். அரை வருடம் வெயிலே காணாத வெள்ளைத் தோல், ஒரே வாரத்தில் கருகியது. பிறகு சோலாரியங்கள் வந்தன. இன்று மெலனோமா அதிகமுள்ள நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று. சோலாரியம் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் உறுதியாகச் சொல்லிவிட்டது.

புற்றுநோய்ச் சங்கமும் டிரூக்ஃபொண்டனும் 2007இல் தொடங்கிய பிரச்சாரத்தின் பெயர் 'ஸ்க்ரூ நெட் ஃபோர் சோலன்', அதாவது வெயிலைக் குறை. யூவி எண் 3 அல்லது அதற்கு மேல் என்றால் நிழல், தொப்பி, சன் கிரீம். 12 மணி முதல் 3 மணி வரை கவனம். எங்கள் வீடுகளில் 'வெயிலுக்குப் போகாதே, கறுத்துப் போவாய்' என்பார்கள். காரணம் பிழை. கறுப்பாக இருப்பதில் ஒரு கெடுதலும் இல்லை.

ஆனால் 'எங்கட தோலுக்கு அது வராது' என்பது ஆபத்தான பேச்சு. எங்கள் தோலிலுள்ள மெலனின் வெயிலிலிருந்து நன்றாகவே காக்கிறது. மெலனோமா எங்களுக்கு வருவது குறைவுதான். வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற யாரும் பார்க்காத இடங்களில் வரும். அந்த வகைக்கு வெயில் பெரிய காரணமல்ல என்பதால் சன் கிரீம் அங்கே உதவாது. பொப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977இல் கண்டுபிடித்தது இதைத்தான். முதலில் பந்தாட்டக் காயம் என்று நினைத்திருந்தார்கள். 1981இல் அவர் இறந்தபோது வயது 36.

குளித்த பிறகு பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நகத்தில் புதிதாக வந்து அகலமாகும் கறுப்புக் கோடு, அடிபடாமலே வந்த கறை, ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் இருக்கும் மச்சம், ஓரம் கலைந்த, பல நிறம் கொண்ட, வளர்கிற மச்சம், ஆறாத புண் எதுவென்றாலும் குடும்ப டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால், வெட்டி எடுப்பதோடு அநேகமாக முடிந்துவிடும். பரவிவிட்டால் கடினம். அங்கேயும் வழிகள் திறந்து வருகின்றன: நோயாளியின் கட்டிக்குள்ளிருந்தே நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்துப் பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றும் சிகிச்சை பலன் தருவதை ஹெர்லெவ் மருத்துவமனையும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் 2022இல் காட்டினார்கள்.

ஃபின்சனின் வெளிச்சமும் போய்விடவில்லை. வெயிலால் வரும், புற்றுநோய்க்கு முந்திய சொரசொரப்பான திட்டுகளுக்கு ஒரு கிரீமைப் பூசி, இரண்டு மணிநேரம் பகல் வெளிச்சத்தில் இருக்கச் சொல்வார்கள். இந்த முறையை வளர்த்தெடுத்ததும் கொப்பன்ஹேகனின் பிஸ்பெபியெர் மருத்துவமனைதான்.

அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ மொழிபெயர்க்க டாக்டரிடம் போகிறவர்களுக்கு ஒன்று. மச்சத்துக்கு டேனிஷில் 'மோதர்மேர்க்க', தாயின் அடையாளம். எப்போதிலிருந்து இருக்கிறது, எப்படி மாறியது என்று டாக்டர் கேட்பார். வீட்டிலேயே கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொல்லுங்கள்.