வசவு பிறந்த கதை

கோடையில் கங்கம்மா ஜாத்திரை நடக்கும்போது திருப்பதி வேறு ஊராகிவிடும். உடம்பெல்லாம் குங்குமம் பூசியவர்களும், கரி பூசி வேப்பிலை கட்டியவர்களும் வசவு சொல்லிக்கொண்டே தெருவில் போவார்கள். மீசை வைத்த ஆண்கள் புடவை கட்டி, பூச்சூடி வருவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தாத்தய்யகுண்டா கோயிலில் இருக்கும் கங்கம்மா அம்மனுக்கு அது நேர்த்திக்கடன்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஊரார் ஒரு கதை சொல்கிறார்கள். அந்தச் சீமையை ஒரு பாளையக்காரன் ஆண்டான். கல்யாணமான பெண் முதல் இரவில் தன்னிடம்தான் வரவேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். ஊர் வாய்பொத்திக் கிடந்தது. பக்கத்து அவிலாலா கிராமத்தில் வளர்ந்த கங்கம்மாவையும் அவன் தொடத் துணிந்தான். அவள் சுயரூபம் காட்டினாள். அவன் ஓடி ஒளிந்துகொண்டான்.

ஒளிந்தவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேஷம் போட்டாள்: பைராகி, பண்டா, தோட்டி. வேஷத்தோடு வசவும் சேர்ந்தது. ரோஷம் பொறுக்காமல் அவன் வெளியே வரட்டும் என்றே ஏசினாள். கடைசியில் துரை வேஷம். பெரிய துரை வந்திருக்கிறார் என்று நம்பிப் பணிய வந்தவனின் தலையை வெட்டினாள். பிறகு மாதங்கி வேஷத்தில் போய், அவன் வீட்டுப் பெண்களைத் தேற்றினாள்.

இந்தக் கதையில் வாள் ஒருமுறைதான் வீசப்படுகிறது. அதற்கு முந்தைய நாட்களெல்லாம் ஏளனத்தின் நாட்கள். படையும் நியாயசபையும் இல்லாத சனங்களுக்கு மிஞ்சியது வாய் ஒன்றுதான். யார் பெயரைச் சொல்லவே பயந்தார்களோ, அவனை நடுத்தெருவில் நின்று நக்கலடித்த அன்றே பயம் பாதி செத்துவிட்டது. சித்தூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் கூத்துகளில் ராஜாவை நேருக்கு நேர் கேலி செய்யும் கட்டியங்காரனும் இதே துணிச்சலின் பிள்ளைதான்.

இன்றும் ஜாத்திரையில் கைகால என்னும் குலத்தார் அம்மனின் இந்த வேஷங்களைத் தரிக்கிறார்கள். வேங்கடவனின் தங்கை என்பதால் கங்கம்மாவுக்குத் திருமலை தேவஸ்தானத்திலிருந்து புடவையும் மஞ்சள் குங்குமமும் சீராக வருகின்றன.

பெண்ணைத் தொட்டவனை வெளியே இழுக்கப் பிறந்த வசவு அது. ஜாத்திரைக் கூட்டத்தில் அதையே பெண்கள் மேல் வீசுகிறவன் கங்கம்மாவின் பக்தன் அல்ல, பாளையக்காரனின் ஆள்.