அம்மா பெயரில் ஒரு தவளை

2015-இல் கோஸ்டாரிகாவிலிருந்து வந்த ஒரு தவளைப் படத்தைப் பார்த்து, ‘இது நம்ம கெர்மிட்!’ என்று இணையமே கூவியது. எலுமிச்சைப் பச்சை முதுகு, பிதுங்கிய வெள்ளை விழி, நடுவில் கறுப்புப் பாவை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆடிப் பாடிய பொம்மைத் தவளையின் அச்சு அசல்.

முகவெட்டு மட்டும் வைத்துப் புதிய இனம் என்று சொல்லிவிட முடியாது. தலமங்கா மலையின் கரீபியன் பக்கச் சரிவில், மழைக்காட்டு ஓடைகளில் இதைக் கண்டெடுத்த ஆய்வாளர்கள் பிரையன் குபிக்கி, ஸ்டான்லி சலசார், ராபர்ட் புஷென்டார்ஃப் மூவரும் தோல், டிஎன்ஏ, குரல் எல்லாவற்றையும் உறவுத் தவளைகளோடு ஒப்பிட்டார்கள். குரல்தான் சுவாரசியம். ஆண் தவளையின் அழைப்பு, உலோக ஒலி கலந்த நீண்ட விசில். இருட்டில் கேட்பவர் ஏதோ பூச்சி என்று கடந்துவிடுவார். இவ்வளவு காலம் சிக்காமல் இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். கோஸ்டாரிகாவில் 1973-க்குப் பிறகு கிடைத்த முதல் புதிய கண்ணாடித் தவளை இதுதான்.

வைத்த பெயர் ஹயாலினோபட்ராக்கியம் டயானே. டயானே, குபிக்கியின் அம்மா பெயரிலிருந்து வந்தது. கெர்மிட் பிறந்ததிலும் ஓர் அம்மா உண்டு. 1955-இல் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் தன் அம்மா கழித்துப்போட்ட கோட்டை வெட்டித் தைத்து, பிங்பாங் பந்தைப் பிளந்து கண் வைத்த பொம்மை அது.

ஊரெல்லாம் முகத்தைப் பார்த்தது. எனக்கென்னவோ அதிசயம் அடிப்பக்கம்தான். மூன்று சென்டிமீட்டர்கூட இராத உடம்பு. புரட்டிப் பார்த்தால் தோல் வழியே உள்ளுறுப்புகள் தெரியும். ஆனால் ரத்தம் சிவப்பாயிற்றே, அது எதிரிகளிடம் காட்டிக் கொடுக்காதா? இதே பேரினத்தைச் சேர்ந்த ஃபிளைஷ்மன் கண்ணாடித் தவளையை ஆராய்ந்தவர்கள் 2022-இல் விடை சொன்னார்கள்: பகலில் தூங்கும்போது அது சிவப்பணுக்களில் சுமார் 89 சதவீதத்தை ஈரலுக்குள் ஒதுக்கிவிடுகிறது. உடல் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக ஒளியைக் கடத்துகிறது. அத்தனை அணுக்கள் நெருக்கியடித்தும் ரத்தம் உறைவதில்லை என்பதுதான் மருத்துவர்களை ஈர்க்கும் சங்கதி.

இந்த அழகே வினையாகி, செல்லப்பிராணிச் சந்தையிலும் கண்ணாடித் தவளைகளுக்குக் கிராக்கி. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் மாநாடு, கண்ணாடித் தவளைக் குடும்பம் முழுவதையும் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்தக் கண்ணாடித் தவளையையும் இப்போது ஏற்றுமதி செய்ய முடியாது.