மழை பெய்தால் வீட்டுக்குள் சாக்கடை: ஸ்வீடன் குடியிருப்பு ஒன்று பசுமையை வைத்து இதைத் தீர்த்தது எப்படி?

ஒரு மணி நேரம் அடைமழை. வெளியே தெருவில் தண்ணீர் நிற்பது இருக்கட்டும், குளியலறைத் துளை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே பொங்கி வருகிறது. தரைத்தளத்தில் குடியிருப்பவர் என்றால் உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஸ்வீடனின் மால்மோ நகரில் உள்ள ஆகஸ்டன்போர்க் குடியிருப்பிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். பெரிய குழாய் போட்டு அதைத் தீர்க்காமல், கூரை, முற்றம், பள்ளி மைதானம் எல்லாவற்றையும் பசுமையாக மாற்றித் தீர்த்தார்கள். அது எப்படி நடந்தது, நம் ஊருக்குப் பொருந்துமா? பார்க்கலாம்.

பிரச்சினை எங்கே இருந்தது?

ஆகஸ்டன்போர்க் 1948-க்கும் 1952-க்கும் இடையில் கட்டப்பட்டது. சுமார் 1,800 அடுக்குமாடி வீடுகள், ஏறக்குறைய 3,000 பேர். பெரும்பாலான வீடுகள் நகராட்சிக்குச் சொந்தமான எம்.கே.பி. நிறுவனத்தின் வாடகை வீடுகள்.

அங்கே மழைநீரும் கழிவுநீரும் ஒரே பாதாளக் குழாயில்தான் ஓடின. சாதாரண நாட்களில் சிக்கல் இல்லை. மழை வலுத்தால் குழாய் நிரம்பி, தண்ணீர் வந்த வழியே திரும்பி அடித்தளங்களுக்குள் ஏறும். துணி துவைக்கும் அறையும் பொருட்கள் வைக்கும் அறையும் அங்கேதான். 1980-களிலும் 90-களிலும் வேலையின்மையும் சேர்ந்துகொள்ள, வசதி உள்ளவர்கள் கிளம்பிப் போனார்கள்.

சரி, என்னதான் செய்தார்கள்?

1998-ல் நகராட்சியும் எம்.கே.பி.யும் சேர்ந்து 'சூழல் நகரம் ஆகஸ்டன்போர்க்' என்ற திட்டத்தைத் தொடங்கின. அடிப்படை யோசனை ஒன்றுதான்: மழைநீரைச் சாக்கடைக் குழாயிலிருந்து பிரித்து, தரைக்கு மேலேயே ஓட விடுவது.

- வாய்க்கால்களும் குளங்களும்: கட்டடங்களுக்கு நடுவே மொத்தம் சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்த வாய்க்கால்களும் பள்ளங்களும் வெட்டப்பட்டன. அவற்றோடு 10 குளங்கள். கூரையிலும் சிமென்ட் தரையிலும் விழும் மழையில் சுமார் 90 சதவீதம் இந்த வழிக்குத் திருப்பப்பட்டது.
- பசுமைக் கூரைகள்: மெல்லிய மண் அடுக்கின் மேல், வறட்சியைத் தாங்கும் செடம் வகைச் செடிகள் வளர்க்கப்பட்டன. நகராட்சிப் பணிமனைக் கட்டடங்களின் மேல் அமைந்த கூரைத் தோட்டம் 2001-ல் திறக்கப்பட்டது. அதன் பரப்பு மட்டும் சுமார் 9,500 சதுர மீட்டர்.
- இரட்டை வேலை செய்யும் இடங்கள்: சில புல்வெளிகள் தாழ்வாக அமைக்கப்பட்டன. வெயில் நாளில் பிள்ளைகள் விளையாடலாம், பெருமழையில் சில மணி நேரம் தண்ணீர் நிற்கலாம்.

செடி வைத்தால் வெள்ளம் நின்றுவிடுமா?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். 'தண்ணி எல்லாம் மண்ணுக்குள்ள போயிடும்' என்று நினைப்போம். ஆனால் ஆகஸ்டன்போர்க்கில் இருப்பது களிமண் தரை, தண்ணீரை அவ்வளவு எளிதில் உறிஞ்சாது. அங்கே பசுமை செய்யும் முக்கியமான வேலை தாமதப்படுத்துவது.

படம் முடிந்ததும் தியேட்டரில் எல்லோரும் ஒரே கதவுக்கு ஓடினால் நெரிசல்தான். பத்துப் பத்துப் பேராக விட்டால் அதே கதவே போதும். மழைநீரும் அப்படித்தான். கூரைச் செடி கொஞ்சம் பிடித்து வைக்கும், வாய்க்கால் மெதுவாக நகர்த்தும், குளம் நிறுத்தி வைத்து விடும். வழியில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். மீதி, குழாய் தாங்கும் வேகத்தில் போய்ச் சேரும்.

இதற்கு எல்லையும் உண்டு. மெல்லிய பசுமைக் கூரை ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஏற்கெனவே நனைந்து ஊறிய கூரை, மேகவெடிப்பு மாதிரியான மழையில் பெரிதாக உதவாது. அதனால்தான் குளமும் தாழ்வான புல்வெளியும் கட்டாயம் தேவை.

உண்மையான சோதனை எப்போது வந்தது?

2014 ஆகஸ்ட் 31 அன்று மால்மோவின் சில பகுதிகளில் சில மணி நேரத்துக்குள் சுமார் 100 மி.மீ. மழை கொட்டியது. நகரமெங்கும் அடித்தளங்கள் மூழ்கின. பின்னர் ஆய்வாளர்கள் காப்பீட்டுக் கோரிக்கைகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழைய ஒற்றைக் குழாய் முறையில் இருந்த அக்கம்பக்கப் பகுதிகளைவிட ஆகஸ்டன்போர்க்கில் பாதிப்பு மிகக் குறைவு என்று தெரிந்தது.

குடியிருப்பவர்கள் ஒப்புக்கொண்டார்களா?

உடனே இல்லை. 'குளம் வெட்டினா குழந்தைங்க விழுந்துடாதா?', 'விளையாடுற இடம் போயிடுமே?' என்ற கவலைகள் எழுந்தன. திட்டம் கூட்டம் கூட்டமாகப் பேசப்பட்டது. பள்ளி மாணவர்கள், வாடகைதாரர்கள், வடிவமைப்பாளர்கள் எல்லோரும் கலந்துகொண்டு சில இடங்களில் வடிவத்தையே மாற்றினார்கள். மொத்தம் சுமார் 20 கோடி ஸ்வீடிஷ் குரோனா செலவானது. அதில் பாதி எம்.கே.பி. போட்டது. வேலை முடிந்த பிறகும் குளங்களில் பாசி படர்வது போன்ற தொல்லைகள் வந்தன. பராமரிப்புக்கு ஆளும் பணமும் தொடர்ந்து தேவைப்படுகின்றன.

இந்தியாவில் இதை அப்படியே செய்யலாமா?

அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. நம் பருவமழையின் அளவே வேறு. 2015 டிசம்பர் 1-ஐ ஒட்டிய ஒரே நாளில் சென்னையின் சில பகுதிகளில் 300 மி.மீ. அளவுக்கு மழை பதிவானது. அதற்கு ஏற்ற குளத்தின் அளவும் வாய்க்காலின் அகலமும் தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். தண்ணீர் நாட்கணக்கில் தேங்கினால் கொசுவும் வரும். ஆனால் அடிப்படைத் தர்க்கம் இங்கேயும் செல்லும். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. தனித்தனி வீட்டில் செய்வதைத் தெரு அளவிலும் குடியிருப்பு அளவிலும் இணைப்பதுதான் அடுத்த படி.

உங்கள் குடியிருப்பில் எங்கிருந்து தொடங்கலாம்?

அடுத்த சங்கக் கூட்டத்தில் மரக்கன்று வாங்குவதற்கு முன் இந்த நான்கையும் கேளுங்கள்:

1. மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போகிறது? பாதாளச் சாக்கடையோடு இணைத்திருந்தால், முதலில் அதைப் பிரிக்க வேண்டும்.
2. மழை பெய்யும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி, எங்கே நிற்கிறது? ஒரு முறை குடையோடு இறங்கிப் பாருங்கள்.
3. பூங்காவின் தரை, பாதையைவிட உயரமா, தாழ்வா? உயரமாக இருந்தால் பாதைத் தண்ணீர் பூங்காவுக்குள் போகவே போகாது.
4. தூர் வாருவது யார், எந்த மாதம், எந்தப் பணத்தில்?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாமல் வேலையைத் தொடங்கினால், இரண்டு மழைக்காலத்துக்குள் வாய்க்கால் குப்பைத் தொட்டியாகிவிடும். பதிலைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.