தொன் போஸ்கோவும் அடங்காத பிள்ளைகளும்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு வந்து சேர்க்கும் தகப்பனார், வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை ஒன்று நம் ஊர்ப்பக்கம் உண்டு. "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்தபடி தோலை உரிச்சிடுங்க சார்" என்பார். கொடுமை மனத்தினால் அவர் அப்படிச் சொல்லுவதில்லை. பிள்ளை உருப்பட வேண்டுமே என்ற கவலையில் சொல்லுகிறார். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர் அவர். நீதிமொழிகள் நூலில் பிரம்பைப் பற்றி வரும் வசனத்தை எடுத்துக்காட்டி நம்மிடம் வாதாடுகிறவர்களும் பங்கில் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு, பெற்றோர் பிள்ளைகளைக் கோபமூட்டலாகாது என்று புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதியதை நாமும் எடுத்துக்காட்டுவதுண்டு. வாதம் அதோடு முடிவதில்லை.

சட்டம் வேறு விதமாக முடித்துவிட்டது. 2009-ம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, மாணவரை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் தடை செய்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பிரம்பை எடுத்துவிட்டார்கள், சரி. அந்த இடத்தில் எதை வைப்பது? ஆசிரியர்கள் நம்மிடம் கேட்பது இதைத்தான். "ஒன்றும் சொல்ல முடியவில்லை, ஒன்றும் செய்ய முடியவில்லை, சுவாமி" என்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குருவானவர் விடை எழுதினார். எழுதுமுன் முப்பத்தைந்து ஆண்டுகள் அதன்படி நடந்தும் பார்த்தார். அவரைப் படமாக நாம் எல்லோரும் அறிவோம். அவர் செய்தது என்ன என்பதை அவ்வளவாக அறியோம்.

அருளப்பர் போஸ்கோ 1815 ஆகஸ்டு 16-ம் நாள் வட இத்தாலியில் பெக்கி என்னும் குக்கிராமத்தில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனார் இறந்துபோனார். தாயார் மார்கரீத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்த அம்மாளின் வீட்டு மூலையில் ஒரு பிரம்பு சார்த்தி வைத்திருந்தது என்றும், அதை அவர் பயன்படுத்தியதே இல்லை என்றும் புனிதரின் சரித்திரத்தை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். எட்டு வயதில் அருளப்பர் ஒரு நாள் எண்ணெய்ச் சாடியைத் தள்ளி உடைத்துவிட்டார். தாயார் சந்தைக்குப் போயிருந்தார். பையன் வேலியில் ஒரு குச்சியை வெட்டி, பட்டையை அங்கங்கே சீவிச் சித்திரவேலை செய்து, தாயார் வரும் வழியில் எதிர்கொண்டு போய் அதைக் கையில் கொடுத்தானாம். தாய் சிரித்துவிட்டார். சிரித்தாலும், நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, இனிக் கவனமாயிருக்கும்படி புத்தி சொன்ன பிறகே விட்டார் என்பதையும் நாம் விட்டுவிடக் கூடாது.

1841 ஜூன் 5-ம் நாள் துரின் நகரில் அவர் குருப்பட்டம் பெற்றார். துரின் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரம். மலைக் கிராமங்களிலிருந்து கொத்து வேலைக்கும், புகைபோக்கி துடைக்கும் வேலைக்கும் சிறுவர்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். வேலை கிடைக்காதவன் தெருவில் நின்றான். தெருவில் நின்றவன் சிறைக்குப் போனான். இளங்குருவை அவருடைய ஆன்ம குரு தந்தை கஃபாசோ அந்தச் சிறைகளுக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பையன்கள் திடகாத்திரமாய், புத்திசாலிகளாய், பூச்சி கடித்த உடம்போடு அங்கே கிடந்தார்கள். விடுதலையாகிப் போனவன் சில நாளில் திரும்பி வந்தான். ஏன் வருகிறான் என்று யோசித்தபோது, வெளியே அவனுக்கென்று ஓர் ஆள் இல்லை என்பது புரிந்தது. தண்டனைக்கு அங்கே குறைவில்லை. தண்டனைக்கு முன்னால் ஒருவரும் வரவில்லை. அவருடைய முறை முழுவதும் அந்தச் சிறையில் கண்டதிலிருந்துதான் பிறந்தது என்பது நம் எண்ணம்.

அதே ஆண்டு டிசம்பர் 8-ம் நாள், அமலோற்பவ அன்னையின் திருநாளன்று, அசிசியாரின் கோயிலில் அவர் பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்தார். பூசைப் பொருள் அறைக்குள் எட்டிப் பார்த்த ஒரு பையனைப் பூசைக்கு உதவச் சொன்னான் கோயிற்பிள்ளை. தெரியாது என்றான் பையன். உடனே தூசி தட்டும் கோலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கோயிற்பிள்ளை அடி அடி என்று அடித்து விரட்டினான். (கோயிற்பிள்ளைகள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலும்!) தொன் போஸ்கோ பையனைத் திருப்பி அழைத்துவரச் சொன்னார், அவன் தம் நண்பன் என்றார். பார்த்தலோமேயு கரெல்லி என்பது அவன் பெயர். பதினாறு வயது, தாய் தகப்பன் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது. பூசை முடிந்ததும் அவனை உட்காரவைத்துப் பேசி, ஞானோபதேசத்தைத் தொடங்கினார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவன் கூட்டாளிகளும் வந்தார்கள்.

கூட்டம் பெருகியபோது ஊர் அதை விரும்பவில்லை. இரைச்சல் தாங்கவில்லை என்று ஒவ்வோர் இடத்திலிருந்தும் துரத்தினார்கள். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று எண்ணிய குருக்கள் இருவர், அவரை வண்டியேற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும் பார்த்தார்கள். 1846 பாஸ்குத் திருநாளில்தான் வல்தோக்கோ என்ற பகுதியில் பினார்தி என்பவரின் கொட்டகை நிலையாகக் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் தாயார் மார்கரீத்தாவும் அங்கே வந்து சேர்ந்தார். அந்த அம்மாளின் காய்கறித் தோட்டத்தைப் பையன்கள் பட்டாள விளையாட்டில் மிதித்து நாசமாக்க, ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று அவர் மகனிடம் சொன்னார். மகன் ஒன்றும் பேசாமல் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். 1856-ல் இறக்கும்வரை தாய் அங்கேயே இருந்துவிட்டார்.

தம் பையன்களை அவர் வேலைக்கு அனுப்பியபோது செய்த ஒரு காரியத்தைப் பலர் அறியார். 1852 பிப்ரவரி 8-ம் தேதியிட்ட ஒப்பந்தம் ஒன்று பாதுகாக்கப்பட்டிருக்கிறது. தச்சு மேஸ்திரி ஒருவரும் அவரிடம் தொழில் பழகப் போகும் பையனும் செய்துகொண்ட உடன்படிக்கை, முத்திரைத்தாளில். பையனைத் திருத்த வேண்டுமானால் மேஸ்திரி வாயினால் மட்டுமே திருத்தலாம், கை நீட்டக் கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது. ஞாயிறும் திருநாட்களும் முழு ஓய்வு. ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை. பையனுக்கும் நிபந்தனை உண்டு: கீழ்ப்படிய வேண்டும், கருத்தாய் உழைக்க வேண்டும். தொன் போஸ்கோ சாட்சியாகவும் பொறுப்பாளியாகவும் கையெழுத்திட்டார். மேஸ்திரியின் கோல் மிகச் சாதாரணமாயிருந்த காலம் அது.

இந்த அன்பு முறை நல்ல பிள்ளைகளுக்குத்தான் சரிப்படும் என்று சொல்லுவோர் மிக்கேல் மகோனேயின் சரித்திரத்தைக் கேட்க வேண்டும். அதைத் தொன் போஸ்கோ தாமே 1861-ல் புத்தகமாக எழுதினார். 1857 இலையுதிர் காலத்தில் ஒரு மாலைப்பொழுது, கார்மஞோலா ரயில் நிலையத்தில் அவர் வண்டிக்குக் காத்திருந்தார். பனிமூட்டத்துக்குள் சிறுவர்களின் கூச்சல். அதை மிஞ்சி அதிகாரம் செய்யும் ஒரு குரல். கிட்டே போனார். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். ஒருவன் மட்டும் இடுப்பில் கையூன்றி நின்றான். அவன்தான் அந்தப் படைக்குத் தளபதியாம். வயது சுமார் பன்னிரண்டு, தகப்பனார் இல்லை. உள்ளூர் உதவிக் குருவை விசாரித்தபோது, கெட்டிக்காரன், ஆனால் வகுப்பையும் கோயிலையும் கலைக்கிறவன் என்று பதில் வந்தது. அவனை வல்தோக்கோவில் சேர்த்துக்கொண்டார்.

வந்தவன் ஒரே நாளில் சம்மனசாகிவிடவில்லை. சண்டை, கெட்ட பாட்டு, வாய்த் துடுக்கு எல்லாம் கூடவே வந்தன. அதட்டுவதற்குப் பதிலாக, நல்ல மாணவன் ஒருவனை அவனுக்குத் துணையாக வைத்தார்கள். தவறு நேரும்போதெல்லாம் அந்தத் துணைவன் மெதுவாகச் சொல்லுவான். மகோனே அதற்கு நன்றியும் சொல்லுவானாம். ஒரு மாதம் ஆனபின் துள்ளித் திரிந்தவன் திடீரென்று முகம் வாடி, விளையாட்டை விட்டு ஒதுங்கினான். தொன் போஸ்கோ அதைக் கவனித்திருந்தார். கூப்பிட்டு, என்ன என்று கேட்டு, அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். மற்றப் பிள்ளைகள் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கிச் சந்தோஷமாயிருக்கிறார்கள், தன்னால் முடியவில்லை என்பதே அவன் மனவேதனை. அடங்காத பிள்ளையின் அடக்கமின்மைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பொறுமை வேண்டும். அந்தப் பாவசங்கீர்த்தனத்துக்குப் பின் அவன் மாறினான். ஆயினும் நகரச் சதுக்கமொன்றில் ஆண்டவரின் திருநாமத்தைப் பழித்த ஒரு பையனை அவன் இரண்டு அறை அறைந்து கட்டிப் புரண்டபோது, தொன் போஸ்கோதான் போய் விலக்கிவிட வேண்டியிருந்தது. இதையும் மறைக்காமல் அவர் எழுதிவைத்தது நமக்குப் பிடித்திருக்கிறது. மகோனே 1859 சனவரியில், பதின்மூன்று வயதில் இறந்தான்.

1877 மார்ச்சில் பிரான்சு நாட்டு நீஸ் நகரில் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. அதையொட்டித் தம் முறையை முதன்முறையாக ஒரு சிறு நூலாக எழுதினார். சட்டத்தைச் சொல்லிவிட்டு, மீறுகிறவனைப் பிடித்துத் தண்டிக்க எட்ட நின்று காத்திருப்பது ஒரு முறை. சட்டத்தைச் சொல்லிவிட்டு, மீறாதபடி கூடவே இருப்பது மற்றது. அறிவு, சமயம், அன்பான பரிவு ஆகிய மூன்றின்மேல் இந்த இரண்டாம் முறையை நிறுத்தினார். அடிப்பது, வலிக்கும்படி முழங்காலில் நிற்கவைப்பது, காதைத் திருகுவது இவற்றை அறவே விலக்க வேண்டும் என்றார். அவை பிள்ளைக்கு எரிச்சலையும் ஆசிரியருக்கு இழிவையும் தரும் என்பதோடு, நாட்டுச் சட்டமே தடுக்கிறது என்றும் காரணம் காட்டினார். நம் சட்டத்துக்கு 132 ஆண்டுகளுக்கு முன் இது! வழக்கமாகப் பரிவோடு பார்க்கும் ஆசிரியர் ஒரு நாள் அப்படிப் பாராமல் இருந்தாலே போதும், அறையை விட அது அதிகம் உறைக்கும் என்றார். கண்டிப்பது தனிமையில் இருக்க வேண்டும். ஓடவும் குதிக்கவும் கத்தவும் தாராள விடுதலை வேண்டும். இசை, நாடகம், உலாப்போதல் எல்லாம் வேண்டும்.

இது தளர்ச்சி அல்ல. தேவதூஷணம், ஒழுக்கக்கேடு, திருட்டு ஆகிய மூன்றுக்கும் அவர் இல்லங்களில் இடமில்லை. அவற்றுக்காக வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு. அந்த நூலில் ஓர் ஆட்சேபத்தை அவரே எழுப்பிக்கொண்டு நேர்மையாகப் பதில் தருகிறார்: இந்த முறை பிள்ளைகளுக்கு எளிது, ஆசிரியருக்குத்தான் கடினம். பிரம்புக்கு ஒரு நிமிடம் போதும். கூடவே இருப்பதற்கு நாள் முழுவதும் வேண்டும். அறுபது பிள்ளைகளையும் கட்டுக்கட்டாகத் திருத்தவேண்டிய தாள்களையும் வைத்துக்கொண்டிருக்கும் நம் ஆசிரியரிடம் இதைக் கேட்பது நியாயமா என்றால், பெற்றோரும் பங்கும் கைகொடுக்காமல் கேட்பது நியாயமில்லை என்றே நாம் சொல்லுவோம்.

1906 சனவரியில் தந்தை தொமாத்திஸ் தலைமையில் சலேசியக் குருக்கள் முதன்முதலாக நம் தஞ்சாவூருக்கு வந்து, அனாதைப் பிள்ளைகளின் இல்லத்தை ஏற்றார்கள். குட்டையைக் காலில் மாட்டுவதும், கைகளைக் கட்டி விட்டத்திலிருந்து தொங்கவிடும் கோதண்டமும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சகஜமாயிருந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அப்போது இங்கே உயிரோடிருந்தார்கள்.

ஆனால் அவருடைய சொந்த வீட்டிலேயே இம்முறை ஒரு சமயம் தளர்ந்தது. 1884 மே 10-ம் தேதி, தமது அறுபத்தெட்டாம் வயதில், ரோமையிலிருந்து வல்தோக்கோவுக்குக் கடிதம் அனுப்பினார். ஒரு கனவாக அதைச் சொல்லுகிறார். முதலில் பழைய நாளைய விளையாட்டு முற்றம் தெரிகிறது. பிள்ளைகளின் ஓட்டமும் பாட்டும், அவர்கள் நடுவே குருக்களும். பிறகு இப்போதைய முற்றம். பிள்ளைகள் சிலர் தூணில் சாய்ந்து நிற்கிறார்கள், சிலர் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் கூடிக் கிசுகிசுக்கிறார்கள். ஆசிரியர்கள் ஓரமாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டு உலாவுகிறார்கள். சிலர் தொலைவில் நின்று பார்க்கிறார்கள். அவர்கள் உழைக்கவில்லை என்று தொன் போஸ்கோ சொல்லவில்லை. பிள்ளைகளுக்காக உயிரையே தேய்க்கிறார்கள் என்று அவர்களுக்காகப் பரிந்தே பேசுகிறார். அவ்வளவு நேசமும் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பதே கனவில் அவருக்குக் கிடைத்த பதில். ஆசிரியர்கள் மறுபடி முற்றத்துக்கு இறங்கி வந்து பிள்ளைகளோடு விளையாட வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் கேட்டுக்கொண்டார்.